நாலாம் நம்பர் கிளிப்

பிப்ரவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு அதுவே பெரிது. உன் இருமல் விட்டதா? கண்ணாடித் தொழிற்சாலைச் சூட்டில் நின்றுவிட்டு உடனே பச்சைத் தண்ணீர் குடிக்காதே.

போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், ஒரு விஷயமும் நகர்வதில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

உன் மாமா போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். நேற்று போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு அவர் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பதினாலு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தம் அலசுகிறவள் நான். ஆப்பரேஷன் துணி, பிரசவத் துணி, அடிபட்டு வந்தவர்கள் துணி, எல்லாம் என் கையில் வெளுத்திருக்கிறது. இந்தச் சட்டையைத் தண்ணீரில் போட முடியவில்லை. வலது பக்கம் காலரே இல்லை. பல் டாக்டரின் ரிமோட் விமானத்து முன்விசிறி கழுத்தோடு சேர்த்து அதையும் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சட்டைப்பையில் ஒரு துணிக் கிளிப் இருந்தது. ரத்தம் காய்ந்து வாய் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லேத் பட்டறையிலிருந்து அவர் சாமான்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அளவுகோல், கண்ணாடி, முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. கம்பி எதற்கு என்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

நீ அன்றைக்கு அவர்கள் விமானம் விடுகிற அந்தப் பொட்டலில்தான் இருந்தாய். என்ன பார்த்தாய் என்று நான் இன்னும் கேட்கவே இல்லை. பதினோராம் நாளே கிளம்பிப் போய்விட்டாய். இப்போது கேட்கிறேன். எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை, இருமல் குறைந்திருக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதே.

நான் ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை, அக்கா. கொட்டகையில் குனிந்து மாமாவின் விமானம் குண்டச்சியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வாத்தியாரின் விமானம் முள்காட்டில் இறங்கிவிட்டது, அவருக்கு முட்டி வலி, மாமா எடுத்துவரப் போனார். டாக்டர் கத்தியது கேட்டது. நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பரணில் மாமாவின் நீலப் பை இருக்கிறதா? அதைத் திறக்காதே. உள்ளே பேட்டரி கசிந்தால் கையைப் புண்ணாக்கிவிடும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். பொட்டல் பக்கம் போகாதே.

மாத்திரையை விடாமல் போடு.
தம்பி

மார்ச் 2

தம்பிக்கு. முழங்கால் என்னைத் தாங்குகிறது. உனக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு வருவதில்லை.

போகாதே என்றாய், போனேன். ஞாயிறு காலை பஸ் பிடித்து, மூடிக்கிடக்கிற சிமெண்ட் ஆலைக்குப் பின்னால் இறங்கி நடந்தேன். உன் மாமா எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த இடம். நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

என்னைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பஸ் கண்டக்டர்தான் வாய் திறந்தார். "வாங்கக்கா, நிழல்ல உக்காருங்க." அவர் விமானம் தெர்மாகோல். உடம்பெல்லாம் டேப். "விழுந்தா ஒட்டிட்டு அடுத்த ட்ரிப் கிளம்பிடும்க்கா, நம்ம பஸ் மாதிரி." வாத்தியாருடையதற்கு இன்ஜினே கிடையாது, காற்றில் மிதக்கிறது. "என்கிட்ட சத்தம் போடாத ஒரே மாணவன் இதுதான்மா" என்றார். ஒவ்வொருவரும் தன் செல்லத்தைப் பற்றிச் சொன்னார்கள், என்னிடம் வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். உன் மாமாவுக்குக் குண்டச்சி. தொப்பை வயிறு, மேலே ஒரே நீள ரெக்கை. "என்ன தப்பு பண்ணினாலும் தானா நிமிர்ந்துக்கும்டி, உன்னை மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது" என்பார் என்னிடம்.

வாத்தியார் அந்தப் பலகையைக் காட்டினார். ஆணியடித்த ஒட்டுப்பலகை, அதில் வரிசையாக மரக் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர். உன் மாமா என் துணிக்கொடியிலிருந்து அள்ளிப்போன கிளிப்புகள்தான் அவை, பார்த்ததும் தெரிந்தது. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு நம்பராம். ஒரே நம்பரில் இரண்டு ரிமோட் போட்டால் மேலே பறக்கிறதுக்குப் புத்தி பேதலித்துவிடுமாம். அதனால் தன் நம்பர் கிளிப்பை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டவன் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் தொடக்கூடாது, யாரோ பறக்கவிடுகிறார்கள் என்று அர்த்தம்.

"நாலாம் நம்பருக்கு ரெண்டு பேரும்மா. உங்க வீட்டுக்காரரும் டாக்டரும். சக்களத்திங்க மாதிரி முறை வச்சுப் பறக்க விடுவாங்க."

"அன்னைக்கு யார்கிட்ட இருந்துச்சு கிளிப்பு?"

"டாக்டர்கிட்டதான். அவர் முறை."

"என் தம்பி இங்கதானே இருந்தான்?"

"அவன் பலகையை ரெண்டு தரம் பாக்காம ரிமோட்டு மேல கை வைக்க மாட்டான்மா. அவ்வளவு பயந்தவன்."

அப்போது டாக்டர் காரிலிருந்து இறங்கினார். கையில் ஒரு விமானம். இரண்டடுக்கு ரெக்கை, பெட்ரோல் இன்ஜின், என் கை நீளத்துக்கு விசிறி. ஸ்டேஷனில் நான் பார்த்த அதே மாதிரி, ஆனால் புதுசு.

"இது எப்ப வாங்குனீங்க?"

"போன வாரம்மா."

"அதே மாதிரியா?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு இதுதான் பிடிக்கும்."

"எனக்கும் எங்க வீட்டுக்காரரைத்தான் பிடிக்கும். அதே மாதிரி எந்தக் கடையில கிடைக்கும்?"

"அம்மா, என் கை கேக்கல. யாரோ நாலாம் நம்பர்ல ரிமோட்டைப் போட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பையை அன்னைக்கே திறந்து பாக்கணும்னு சொன்னேன், யாரும் விடல."

செத்தவர் மேலேயே பழி. கொட்டகை ஓரத்தில் கூடாரக் குழாய் ஒன்று கிடந்தது. முதல் அடியில் மேல் ரெக்கை மடங்கியது, இரண்டாவதில் உடம்பு பிளந்தது. பெட்ரோல் என் சேலையில் தெறித்தது. விசிறியைக் காலால் மிதித்தேன், உடையவில்லை, பாதத்தை அறுத்தது. ரத்தத்தோடு மறுபடி மிதித்தேன். மற்றவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. டாக்டர் தடுக்கப் பார்த்தபோது அவர் கன்னத்தில் அறைந்தேன். மூக்குக்கண்ணாடி பறந்து போய் விழுந்தது.

பாதத்தில் ஆறு தையல். வலி இருக்கிறது. ஆனால் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு, தையல் பிரித்தார்களா? சீழ் வைத்தால் காட்டு.

எனக்கும் கொஞ்சம் அடி. கூட இருக்கிறவன் ஒருவன் மகனுக்கு அனுப்ப ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கிவந்து அறைக்குள் பறக்கவிட்டான். அந்த விர்ர் சத்தம் கேட்டதும் என்ன ஆனதென்று தெரியவில்லை. சுவரில் அடித்து உடைத்துவிட்டேன். அவனையும் அடித்தேன். அவன் திருப்பி அடித்ததில் முன்பல் ஒன்று போய்விட்டது. தவறு என்னுடையதுதான், கையைத் தூக்காமல் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரை விட்டுவிடு, அக்கா. அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மாமாவின் சட்டையில் இருந்ததாக எழுதியிருந்தாயே, அந்தக் கிளிப் எந்தப் பையில் இருந்தது? அதில் நம்பர் ஏதாவது எழுதியிருக்கிறதா?

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு. தையல் பிரித்தாயிற்று. பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளி. இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டர் இருக்கிறார், ஆனால் அவரிடம் உன்னை அனுப்ப முடியாது.

கிளிப்பைப் பற்றி எதற்குக் கேட்கிறாய்? இடது பக்கப் பை. நம்பர் ஏதும் இல்லை, அது பலகையுடையது இல்லை, என் கொடியுடையது. சலவைக்கூடத்தில் எல்லோர் கிளிப்பும் கலந்துவிடுகிறது என்று என்னுடையவற்றில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பேனே, அதில் ஒன்று. பலகைக் கிளிப்புகளில் நூலைப் பிரித்துவிட்டுத்தான் நம்பர் போட்டிருந்தார்.

அதைச் சொன்னால் நெஞ்சு எரிகிறது. ரெக்கைக்குப் பசை தடவிப் பிடித்துவைக்கக் கிளிப் கிளிப்பாகத் திருடுவார். ஒரு டஜனில் ஐந்துதான் மிச்சம். அன்றைக்குக் காலையில் ஈரத் துணியோடு நிற்கிறேன், மாட்டக் கிளிப் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்தாங்க, இதையும் கொண்டு போய் உங்க குண்டச்சிக்குத் தாலியா கட்டுங்க" என்று கையிலிருந்ததை அவர் சட்டைப்பை விளிம்பில் மாட்டிவிட்டேன். அவர் சிரித்தார். எடுக்கவேயில்லை, வேண்டுமென்றே அப்படியே மாட்டிக்கொண்டு போனார், என்னை வெறுப்பேற்ற. கடைசியாக நான் அவருக்குச் செய்தது அதுதான்.

டாக்டர் பக்கம் பேசாதே. நீ பார்க்கவில்லை என்று நீயே எழுதினாய்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

ஏப்ரல் 30

தம்பிக்கு. இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டுக்கும் பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்று தொழிற்சாலைக்குப் போன் போட்டுக் கேட்டேன். வேலைக்கு வருகிறான் என்றார்கள். சரி.

ஸ்டேஷனில் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். விபத்தாம். "பொம்மை விமானம்தானேம்மா" என்றார் எழுதுகிறவர். கழுத்தெலும்பு தெரியப் பார்த்தவள் நான். பொம்மை என்கிறார்.

தினமும் வேலை முடிந்து டாக்டரின் கிளினிக் வழியாகத்தான் வருகிறேன். கண்ணாடிக் கதவு. உள்ளே அவர் ஒருவர் வாயில் கையை விட்டுக்கொண்டு நிற்பது தெரியும். அந்த வலது கையைத்தான் பார்ப்பேன். அந்தக் கைதானே விமானத்தைப் பிடித்திருந்தது. ஒன்றுமே நடக்காதது போல அது வேலை செய்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கையை நான் எடுக்கப் போகிறேன். சலவைக்கூடத்தில் ஆள் இல்லாதபோது ஈரப் போர்வையைச் சுருட்டித் துவைக்கிற கல்லில் வைத்து உன் மாமாவின் கம்பியால் அடித்துப் பார்க்கிறேன். மூன்று அடியில் கல்லே சத்தம் போடுகிறது. கம்பி எதற்கு என்று இப்போது தெரிகிறது.

நீ தடுக்க வேண்டுமென்றால் காரணம் எழுது. "விட்டுவிடு" என்பது காரணம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மே 11

அக்காவுக்கு, உயிரோடு இருக்கிறேன். உன் காலைப் பார்த்துக்கொள்.

காரணம் இருக்கிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த மாதம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிரு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். கம்பியைக் கிணற்றில் போடு.

தம்பி

மே 26

அக்காவுக்கு.

ரிமோட்டைப் போட்டது நான்தான்.

மாமா முள்காட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் குண்டச்சியைத் தயாராக வைக்கலாம் என்று நினைத்தேன். பலகையைப் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன். மாமாவின் ரிமோட்டை எடுத்துப் போட்டேன். குண்டச்சியின் வால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மேலே பறப்பது யாருடையது என்று பார்க்கவில்லை. டாக்டர், "யாருடா நாலு போட்டது, அணைடா" என்று கத்தினார். அணைத்தேன். உடனே அணைத்தேன், அக்கா. விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எல்லோரும் மாமாவிடம் ஓடினார்கள். நான் முதலில் ரிமோட்டை நீலப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன். ஜிப் பாதியில் சிக்கியது. அதை எடுத்துவிட நின்றேன். அந்த நேரத்தில் மாமா கண் திறந்து யாரையோ தேடினாராம். கண்டக்டர் சொன்னார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. அவரை ஒன்றும் செய்யாதே. என்னைச் செய்.

தம்பி

மே 28

தம்பிக்கு. நான் திடமாக இருக்கிறேன்.

மாத முடிவுவரை என்றாய். முந்தாநாள்வரை பொறுத்தேன். உன் காரணம் வரவில்லை.

அன்று மத்தியானம் கிளினிக்கில் கூட்டம் இல்லை. கம்பியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. "வாங்கம்மா, நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்பில் நாலு என்று எழுதியிருந்தது. "அன்னைக்கு இது என் ரிமோட்டுலதான் மாட்டியிருந்துச்சு. பலகையிலேர்ந்து இதை எடுத்துட்டுத்தான் ரிமோட்டைப் போட்டேன், எனக்கு அது போதும். ஆனா விமானம் என்னுது. அதையும் நான் இல்லைன்னு சொல்லல." அதைச் சொல்லும்போது விரல்களைக் கிளிப்பின் மேல் விரித்து வைத்திருந்தார்.

கல்லில் போர்வை இருந்த மாதிரியே அந்தக் கை இருந்தது.

முதல் அடியில் அவர் கத்தவில்லை, மூச்சுதான் ஒரு தரம் அடைத்தது. இரண்டாவதில் எலும்பு கேட்டது. மூன்றாவதில் இரண்டு விரல் வேறு பக்கம் பார்த்தன. மேசைக் கண்ணாடி தூளாகிக் கைக்குள் ஏறியது. வரவேற்பில் உட்கார்ந்திருக்கிற பெண் ஓடிவந்து அலறினாள். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் சொன்னது இது: "ஷட்டர் விழுந்துடுச்சுன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

ஏன் அப்படிச் சொன்னார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கிளிப்பை நான் எடுத்துவந்துவிட்டேன்.

உன் இருமல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

ஜூன் 10

தம்பிக்கு.

உன் கடிதம் மே 30 வந்தது. நான்கு நாள் முன்னால் வந்திருக்கலாம். நான்கு மாதம் முன்னால் வந்திருக்கலாம்.

படித்துவிட்டு நீலப் பையைப் பரணிலிருந்து தள்ளினேன். ஜிப் பாதியில் சிக்கித்தான் இருக்கிறது. ரிமோட்டைக் கம்பியால் அடித்தேன், தூளாகும்வரை. பிறகு பரணில் பக்கத்திலேயே இருந்த குண்டச்சியை. அது பாவம், இரண்டு அடிக்குத் தாங்கி நிமிர்ந்து நின்றது. மூன்றாவதில் விழுந்தது. அடித்ததெல்லாம் உன்னைத்தான்.

மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் இனி மடங்காதாம். உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி அவருக்குப் படித்தேன். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"உடனே அணைச்சேன்னு எழுதியிருக்கானா?"

"ஆமா."

"அதான். கடைசியில விமானம் என் கைக்குத் திரும்பி வந்துச்சு. மேல இழுத்தேன். நேரம் இல்ல. நான் இன்னும் சீக்கிரம் இழுத்திருக்கணுமோன்னு இத்தனை நாளா தூங்கல." அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "உங்களுக்கு என்னை அடிக்க உரிமை இருக்குன்னு நினைச்சுத்தான் ஷட்டர்னு சொன்னேன். இப்ப இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்குப் புகார் கொடுக்கப்போறேன்மா. நீங்க போங்க, இனிமே இங்க வராதீங்க."

கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. போலீஸ் வந்து கம்பியை எடுத்துப்போயிற்று. இப்போதைக்குச் சலவைக்கூட மேஸ்திரியின் ஜாமீனில் வெளியே இருக்கிறேன்.

இனி உனக்கும் எனக்கும் மட்டும் ஆனது. பலகையைப் பார்க்கவில்லை, மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு தரம் பார்க்காமல் தொடமாட்டாய் என்று வாத்தியார் சொன்னார். நீ பார்த்திருக்கிறாய். நாலாம் நம்பர் பலகையில் இல்லை. அப்புறம் மாமாவின் சட்டைப்பையைப் பார்த்திருக்கிறாய். மரக் கிளிப், விளிம்பில் சிவப்பு. மாமாதான் எடுத்து வைத்திருக்கிறார், நம்முடைய முறை என்று நினைத்துப் போட்டிருக்கிறாய். அதனால்தான் எந்தப் பை, நம்பர் இருக்கிறதா என்று கேட்டாய். நான்தான் மாட்டிவிட்டேன் என்று எழுதினேன், அத்தோடு உன் பேச்சு நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோதும் கிளிப்பை விட்டுவிட்டு எழுதினாய். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் என் கொடியில் எத்தனை கிளிப் என்று எனக்கு எண்ணத் தெரியும்.

எனக்காக மறைத்தாய். நீ மறைத்ததில் ஒரு மனிதனின் கை போயிற்று.

இரண்டு கிளிப்பையும் அடுப்படி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் சிவப்பு நம்பர். வாசலில் போய் நின்று பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை.

வா. டாக்டர் முன்னால் நின்று உன் வாயால் சொல்ல வேண்டும். கிளிப்பை விடாமல் சொல். கோர்ட்டில் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்: ரிமோட் தம்பி போட்டது, கிளிப் நான் மாட்டியது, கம்பி நான் எடுத்தது.

வந்தால் உன்னை அடிப்பேனா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. கம்பி ஸ்டேஷனில் இருக்கிறது, வீட்டில் அடிக்க வேறு ஒன்றுமில்லை, என் கைதான். அதையும் வாங்கிக்கொள்வாய், பல்லைக் கொடுத்த மாதிரி.

வழியில் வேளைக்குச் சாப்பிடு.
அக்கா